றெஜினாவுக்குச் சொன்ன கடற்கரை

மொன்றியல், 2006 பெப்ரவரி 12, ஞாயிறு

விடிய எழும்பியபோதே பனி. வெளிப்படிக்கட்டுக்கு உப்புப் போட்டேன். மூன்றாம் மாடியிலிருந்து கீழே போய்ச் சேர மூச்சு வாங்கியது. உப்பு முடியப் போகிறது. மூலையில் உள்ள டெப்பனர் சில்லறைக் கடையில் வாங்க வேண்டும், தமிழ்க் கடையில் வேண்டாம். அங்கே துக்கம் விசாரிக்கிறார்கள். யாராவது நல்ல மனத்தோடு படியேறி வீட்டுக்கே வந்துவிடுவார்.

பூசைக்குத் தனியே. முடிந்தபின் பாதரிடம் திரும்பவும் கேட்டேன், மறைப்பது பாவமா என்று. "ஒப்பரேசன் முடியட்டும் சேவியர் ஐயா. கடவுளுக்கு விளங்கும்" என்றார். கடவுளுக்கு விளங்கும். எனக்கு?

றெஜினாவுக்கு இருதய வால்வு மாற்ற மார்ச் 3 குறித்திருக்கிறார்கள். அதுவரை எங்கள் மகன் ஜூட் இறந்தது அவளுக்குத் தெரியக் கூடாது. மகள் செல்வியின் முடிவு. அதிர்ச்சி ஆகாது என்று வைத்தியரும் சொன்னாராம். நான் தலையாட்டினேன். அவன் இறந்த செய்தி வந்த அன்றும் தலையாட்டத்தான் முடிந்தது.

ஆக, அவளுக்குச் சொல்லிவைத்திருக்கும் கதை இது: டிசம்பரில் நான் அவுஸ்திரேலியா போனது மகனைப் பார்க்க. இப்போது அவன் உள்நாட்டில் ஒரு சுரங்கத்துக்குப் பாதை போடும் வேலையில். அங்கே தொலைபேசி இல்லை.

மத்தியானம் றெ. சோபாவில் சாய்ந்துகொண்டு, "இஞ்சருங்கோ, அந்தக் கடற்கரையை வடிவாச் சொல்லேல்லை நீங்கள். எவ்வளவு நீளம்?"

சொன்னேன். மறுமுனை தெரியாத கடற்கரை. நடுவே ஒரு களப்பு, மழை பெய்தால் மணலை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போகும். மணல் காலடியில் கீச்சிடும். கொலினின் நாய் முன்னால் ஓடும். கரையெல்லாம் நீலச் சொறிமுட்டைகள். மிதிக்க வேண்டாம், செத்தாலும் கடிக்கும் என்று மார்ஜி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

இவர்கள் இருவரும் ஜூட் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர். கொலின் பாடசாலை பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். மார்ஜி தோட்டம் செய்கிறவள். ஜூட்டுக்கு அந்த ஊரில் வேறு உறவில்லை.

"தம்பி எந்தப் பக்கம் நடந்தவன்?" மகனை அவள் எப்போதும் தம்பி என்றுதான் சொல்வாள்.

"கடல் பக்கம்" என்றேன்.

"அவன் எப்பவும் அப்பிடித்தான். சப்பாத்தை நனைப்பான்."

அந்த நடை அடக்கத்துக்கு மறுநாள். நாங்கள் மூவரும் நாயும் மட்டுமே நடந்தோம்.

பெப். 14, செவ்வாய்

வாங்கியவை: உப்பு, பால், லீக்ஸ், அவளுடைய குளிசை. மெட்ரோ வாசலில் பெடியன்கள் சிவப்பு ரோசா விற்கிறார்கள். ஒன்று வாங்கினேன். றெ. சிரித்தாள். "இந்த வயசிலை உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது, கொலினோ?"

இன்று காட்டைக் கேட்டாள். அங்கே காடு என்பதில்லை, புஷ். உயர்ந்த யூக்கலிப்டஸ் மரங்கள், பட்டை உரிந்து உடம்பில் சாம்பல் புள்ளிகள். கீழே ஈச்சம்பற்றை மாதிரி ஒரு செடி, காலைக் கீறும். உடும்பு ஒன்று எங்களைக் கண்டு மரத்தில் ஏறி, மரத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தது. ஊர் உடும்பைவிட இரண்டு மடங்கு.

"ஆரும் அடிச்சுச் சாப்பிடுறேல்லையோ?"

"சட்டம் விடாது."

"பாவம், உங்களுக்கு வாயூறியிருக்கும்."

வழி தவறியதையும் சொன்னேன். முப்பது வருடம் நில அளவைத் திணைக்களத்தில் இருந்தவன், திசை தெரியாமல் நின்றேன். கொலின் வேண்டுமென்றே என்னை முன்னால் விட்டான். வெயிலை வலப்பக்கம் வைத்து நடந்தால் கிழக்கே கடல் வரும் என்று நிச்சயமாக நடந்தேன். அங்கே மத்தியானச் சூரியன் வடக்கே நிற்கிறது. யாழ்ப்பாணத்திலும் மொன்றியலிலும் பழகிய மண்டை, அதைத் தெற்கு என்றே எடுத்துக்கொண்டது. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போயிருக்கிறேன். கொலின் பின்னால் நின்று, "மிஸ்டர் சேவியர், இப்பிடியே போனா மூண்டு கிழமையிலை பாலைவனம்" என்றான்.

றெ. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பயமாகிவிட்டது.

"தம்பி என்ன சொன்னவன்?"

"அவனும் சிரிச்சான்."

சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். உண்மையில் கொலின்தான் சொன்னான், ஜூட்டும் வந்த புதிதில் இதே பிழையை விட்டானாம், இதே இடத்தில். அப்பாவிடம் படித்த திசை என்றானாம்.

பெப். 17, வெள்ளி

−22. கழுவக் கொடுத்த படங்கள் வந்தன. தேவையில்லாதவற்றைக் கடையிலேயே பிரித்து உள்சட்டைப் பைக்குள் வைத்தேன். பெட்டி. மண். சிலுவை.

மிச்சத்தை றெ. மடியில் பரப்பி, மூக்குக் கண்ணாடியோடு ஒவ்வொன்றாக. கடற்கரையில் நான். பலாச்சுளை நிறப் பூ மரத்தடியில் நானும் மார்ஜியும். அட்டை கடித்த காலைத் தூக்கிக் காட்டும் நான். (மார்ஜி உப்போடு ஓடி வந்தாள். இரத்தினபுரியில் அளவை வேலை செய்த நாங்கள் காலுக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டுதான் காட்டுக்குள் போவோம் என்றேன். அன்றே ஒரு கட்டி வாங்கினாள்.)

"ஒண்டிலையும் அவன் இல்லையே."

"அவன்தானே படமெடுத்தவன்."

நீண்ட நேரம் பார்த்தாள். "பிள்ளை படமெடுக்கேக்கை இப்பிடியோ நிக்கிறது? கொஞ்சம் சிரிச்சால் என்ன?"

"வெயில்."

செல்வியைக் கூப்பிட்டுச் சொல்ல நினைத்தேன், என்னால் இனி ஏலாது என்று. புவாண்ட்-கிளேரில் வேலையில் இருப்பாள். கூப்பிடவில்லை.

பெப். 20, திங்கள்

என்ன செய்துவிட்டேன்.

ஒழுங்காக எழுதுகிறேன். மாலை செபமாலை. முடிந்ததும் வழக்கம்போல றெ. பெயர்களைச் சொல்வாள், நான் பதில் சொல்வேன். உயிரோடிருப்பவர்கள் முதலில், அவர்களுக்கு "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." பிறகு இறந்தவர்கள், அவர்களுக்கு "முடிவில்லாத ஒளி அவர்மேல் ஒளிர்வதாக." கலியாணம் கட்டிய நாளிலிருந்து இந்த ஒழுங்குதான். யோசிக்கத் தேவையில்லை, வாய் தானாகச் சொல்லும்.

றெ. செல்வியின் பெயரைச் சொன்னாள். பதில் சொன்னேன். "தூர தேசத்தில் இருக்கும் எங்கள் மகன் ஜூட்டுக்காக" என்றாள்.

"முடிவில்லாத ஒளி அவர்மேல் ஒளிர்வதாக" என்றேன்.

அங்கே கொலின் வீட்டில், ஜூட்டின் அறையில், ஒவ்வொரு மாலையும் தனியே சொன்னது. அவன் பெயருக்கு என் வாய் அந்தப் பதிலைப் பழகிவிட்டது.

திருத்தவில்லை. றெ. மாலையைக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள். பிறகு இறந்தவர்கள் எல்லோரையும் ஒருவர் விடாமல் சொன்னாள். நான் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னேன். சிலுவை போட்டாள். எழும்பிப் போய்ப் படுத்தாள்.

பெப். 21, செவ்வாய்

தேத்தண்ணியைத் தானே ஊற்றி மேசையில் வைத்தாள். எனக்கு முன்னால் இருந்தாள்.

"எப்ப?"

"டிசம்பர் தொடக்கத்திலை."

"நீங்கள் போனது அதுக்கோ?"

"ஓம்."

"அடக்கமோ, எரிச்சதோ?"

"அடக்கம். பூசையோடை. கடல் தெரியிற மேடு. கொலினும் பெட்டி தூக்கினவன்."

அழவில்லை. கை மட்டும் மேசை விரிப்பை மடித்து மடித்து விரித்தது. "இப்ப அந்தக் கடற்கரையைத் திரும்பச் சொல்லுங்கோ. முதலிலையிருந்து. நீங்கள் பொய்யாச் சேர்த்த அவனை விட்டிட்டுச் சொல்லுங்கோ."

சொன்னேன். இதுவரை மறைத்திருந்த தெற்கு முனையில் பாறைத் தட்டு. கடல் வற்றும்போது மட்டும் வெளியே தெரியும். சனிக்கிழமைகளில் ஜூட்டும் கொலினும் தூண்டில் போடுவார்கள். அன்று கடல் அமைதி. இரை முடிந்ததென்று கொலின் காருக்குப் போனான். ஒரு பெரிய அலை வந்திருக்க வேண்டும். கொலின் திரும்பி வந்தபோது பாறை நனைந்திருந்தது, தூண்டில்தடி வெடிப்பில் மாட்டிக்கொண்டு நின்றது. ஜூட் இல்லை. அடுத்த நாள் களப்பு வாயில் கண்டெடுத்தார்கள்.

என்னை அந்தப் பாறைக்குக் கொண்டுபோகக் கொலினுக்கு மனமில்லை. நான்தான் கேட்டேன். மார்ஜி என் கையை விடவேயில்லை. பாறைக் குழிகளில் தண்ணீர், அதற்குள் சின்னச் சின்ன நத்தைகள், சிவப்புப் பாசி. வடிவான இடம். கொலின் காற்சட்டை நனைய முழங்காலில் இருந்துவிட்டான். "நான் போகாமல் விட்டிருந்தால், மிஸ்டர் சேவியர்." அவன் முதுகில் கை வைத்தேன். அவ்வளவுதான் செய்யத் தெரிந்தது.

"கத்தினவனாமோ?" என்று றெ. கேட்டாள்.

"ஒருத்தருக்கும் தெரியாது."

தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. இருவரும் குடித்தோம்.

பெப். 22, புதன்

அவள் சாப்பிடவில்லை. ஒப்பரேசன் வேண்டாமாம்.

"ஆருக்காக அந்த நெஞ்சைத் திருத்திறது?"

செல்விக்காக என்றேன். எனக்காக என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நாள் முழுதும் அந்த வாக்கியம் வாய்க்குள்ளேயே. மாலையில் குளிசை கொடுக்கும்போது சொன்னேன். குளிசையை விழுங்கினாள்.

பெப். 23, வியாழன்

உள்சட்டைப் பையில் இருந்த படங்களைக் கேட்டாள். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. சிலுவைப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"மரச் சிலுவையோ?"

"இப்போதைக்கு. கல்லு பிறகு வைக்கலாமாம்."

"கிட்ட மரம் ஏதும் இருக்கோ?"

"அந்தப் புள்ளி மரம் ஒண்டு. மத்தியானத்திலை நிழல் தெற்குப் பக்கம் விழும்."

பிறகு, "வால்வு மாத்தினால் பிளேனிலை ஏற விடுவினமோ?"

ஆஸ்பத்திரித் தாதிக்கு ரெலிபோன் எடுத்தேன். பிரெஞ்சில் தொடங்கினாள், நான் தடுமாற ஆங்கிலத்துக்கு மாறினாள். எல்லாம் சரியாகப் போனால், சில மாதங்களுக்குப் பிறகு, வைத்தியர் சொன்னால். இப்போதுள்ள நிலையில் ஏறவே கூடாதாம்.

"அப்ப செய்வம்" என்றாள் றெ. "செல்விக்கு நான் அறிஞ்சதைச் சொல்லாதேங்கோ. அம்மாவைக் காப்பாத்திறன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாள். ஒப்பரேசனண்டைக்கு அவள் நிம்மதியா நிக்கட்டும்."

இனி நான் மகளுக்குப் பொய் சொல்ல வேண்டும்.

பெப். 25, சனி

செல்வி வந்தாள். கோழிக்கறி கொண்டு வந்தாள். களைத்திருக்கிறாள், கண்ணுக்குக் கீழே கருமை.

சாப்பிடும்போது றெ. தானாகவே கேட்டாள். "தம்பி எடுத்தவனோ பிள்ளை?"

"ஓம் அம்மா. சாமான் வாங்க ரவுணுக்கு வந்த இடத்திலை. சுகமா இருக்கிறானாம். உங்களை நல்லாச் சாப்பிடட்டாம்."

"அப்ப இன்னும் கொஞ்சம் போடு" என்று தட்டை நீட்டினாள்.

எல்லாவற்றையும் சாப்பிட்டாள். நான் குனிந்துகொண்டேன்.

பெப். 26, ஞாயிறு

மழையும் பனியும் கலந்து. மரக் கொப்புகளில் கண்ணாடி மாதிரி ஐஸ். பூசைக்குப் போகவில்லை.

கொலினும் மார்ஜியும் ஞாயிறுகளில் போன் எடுப்பார்கள், ஜூட் எடுக்கும் அதே நேரம். வேண்டுமென்றுதான் என்று நினைக்கிறேன். இதுவரை நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குள் போய்விடுவேன். இன்று றெ. கையை நீட்டினாள்.

"மார்ஜி? ஐ ஆம் ஜூட் மதர். மை இங்கிலீஷ் ஸ்மோல்."

மறுபக்கத்தில் மார்ஜி அழுவது எனக்கே கேட்டது. றெ. பொறுத்திருந்தாள், பிள்ளையை ஆற்றுவது போல "ஓகே, ஓகே" என்றாள்.

"தட் மோர்னிங், வட் ஹீ ஈற்?"

நெடுநேரம் கேட்டாள். "யெஸ். யெஸ். தாங்க் யூ." ரிசீவரைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"முட்டை ரெண்டாம். பொரிச்சு. பாண் துண்டும். அவளின்ரை குசினியிலை நிண்டபடி. ஒரு துண்டு நாய்க்கும் குடுத்தவனாம்."

"ஓம்."

"வயிறு நிறையத்தான் போயிருக்கிறான்."

அப்போதுதான் அழுதாள். போன் மடியில் கிடந்தது, மார்ஜி வைக்கவில்லை, நாங்களும் வைக்கவில்லை.

மார்ச் 1, திருநீற்றுப் புதன்

பாதர் சாம்பல் கொண்டு வீட்டுக்கு வந்தார். செல்வி சொல்லியிருப்பாள். றெ.க்கு நெற்றியில் இட்டார். போகும்போது வாசலில் மெதுவாக, "ஒண்டும் அறியேல்லையே?" நான் சப்பாத்தை எடுத்துக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரிப் பை: இரவுச் சட்டை, காலுறை, செபமாலை, கண்ணாடிக் கூடு. சிலுவைப் படத்தைக் காலுறைக்குள் வைத்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

மார்ச் 3, வெள்ளி

ஆஸ்பத்திரி, காத்திருக்கும் அறை. எழுத வேண்டும் போல் இருக்கிறது. மடியில் வைத்துத்தான் எழுதுகிறேன், பிறகு வாசிக்க முடியுமோ தெரியாது.

உள்ளே கொண்டுபோக முன் தாதி றெ. கையில் பெயர்ப் பட்டி கட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள், பயத்தைப் போக்கத்தான். பிள்ளைகள் உண்டா என்று பிரெஞ்சில் கேட்டாள். செல்வி மொழிபெயர்க்க வாயெடுத்தவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த அளவு பிரெஞ்சு றெ.க்கு விளங்கும். இரண்டு விரலைக் காட்டினாள். "ரெண்டு" என்றாள், தமிழிலேயே. "ஒரு பெட்டை, ஒரு பெடியன்."

என்னைப் பார்த்தாள். தள்ளுகட்டில் போய்விட்டது. கதவு தானாக மூடிக்கொண்டது.

செல்வி என் தோளில் சாய்ந்து குலுங்கினாள். "அம்மா ஒண்டும் தெரியாமல் உள்ளை போயிட்டா, அப்பா. அது நல்லதுதானே? நாங்கள் செய்தது சரிதானே?"

"ஓம் பிள்ளை" என்றேன்.