வாய் திறந்த படம்

அன்பு குறையாத என் அக்காவுக்கு,

முதலில் நல்ல சேதிகள். என் பேத்தி கவிதா பல் டாக்டர் ஆகிவிட்டாள். உன் பேரன் பிரகாஷுக்குக் கூலிமில் இஞ்சினியர் வேலை, சொந்தக் கார். நம் சின்னப் பேத்தி யாழினி பேச்சுப் போட்டியில் கெடா மாநிலத்துக்கே முதல். பாடாங் மேஹா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய நம் அம்மா இதையெல்லாம் பார்க்க வேண்டாமா?

இனி மற்றது. உன் திதியன்று படையல் வைத்துச் சூடம் காட்டினேன். பூமாலைக்குள் இருந்த உன் படம் வாயைத் திறந்தது. அண்ணத்தில் கறுப்பாக, ரப்பர் விதை அளவுக்கு, அதே கறை. வெற்றிலைக் கறை என்று நீ உப்பும் கரியும் வைத்துத் தேய்த்தாயே, கடைசியில் உன்னையே கொண்டுபோனதே, அது.

கண்ணாடியில் என் வாயைப் பார்த்தேன். எனக்கும் அதே இடத்தில்! உன் படையல் வெற்றிலையைத் தவிர நான் வேறு வெற்றிலை தொட்டதில்லையே, அக்கா.

கவிதா பஞ்சால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

"இது கறை இல்ல லா, பாட்டி."

சதை கிள்ளிச் சோதித்தார்கள். மெலனோமா என்கிற புற்றுநோயாம். தோலில் வருவதுதான் வழக்கம், வாய்க்குள் வருவது அபூர்வமாம். வெற்றிலையால் வந்ததில்லையாம்.

"எத்தனாவது கட்டம்மா?"

"மூணு. வாய்க்குள்ள வந்தா, எவ்ளோ சின்னதா இருந்தாலும் மூணுலதான் ஆரம்பம்."

"நானே ஒண்ணாவதுலேருந்துதான் அஞ்சாவது வரைக்கும் போனேன். இது ரெண்டு வகுப்பத் தாண்டிக் குதிச்சிருச்சா?"

அவள் சிரிக்கவில்லை.

கழுத்து, நெஞ்சு, ஈரல் எல்லாம் ஸ்கேன் எடுத்தார்கள். எங்கும் பரவவில்லை. டாக்டர்கள் கூடிப் பேசி, அண்ணத்தில் ஒரு பகுதியை வெட்டி, அந்த ஓட்டையைப் பல்செட் போன்ற தட்டால் மூடி, பிறகு கதிர்வீச்சு கொடுக்கலாம் என்றார்கள்.

"வேணாம்மா. எங்கக்கா வாயத் தொறந்து கூப்புடுறா" என்றேன்.

கவிதா உன் படத்தின் அருகே போய் நின்றாள்.

"பெரிய பாட்டி வாய மூடிக்கிட்டுதானே இருக்காங்க. எப்பவும் அப்படித்தானே, பாட்டி?"

எனக்கு மட்டும் இப்போதும் திறந்தே இருக்கிறது. நோய் தலைக்கு ஏறிவிட்டதோ என்று பயந்தேன். மூளையையும் படம் பிடித்தார்கள். சுத்தமாக இருக்கிறதாம். அப்படியானால் நான் பார்ப்பது என்ன, அக்கா?

கூப்பிட்டாயா? இல்லை, என் வாயைப் பார்க்கச் சொன்னாயா? பார்க்கச் சொன்னாய் என்றே வைத்துக்கொண்டேன். அறுவைக்குச் சரி சொல்லிவிட்டேன்.

அடுத்த திதிக்கும் நானே படையல் வைப்பேன். தட்டுப் போட்ட வாயாலேயே உன் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். இது சத்தியம். அதற்குள் நீ இருக்கும் இடத்திலிருந்து புதுப்படம் ஒன்று எடுத்துத் தபாலில் போடு. வாயை மூடியபடி.

உன் பக்கத்தில் வர இன்னும் மனமில்லாத தங்கை,
செல்லம்மா
பாக்கார் ஆராங்