நாலடி எட்டு அங்குலம்

மாமி,

பூட்டிக் கிடந்த உங்கள் தையல் மெசினின் லாச்சியை இன்று உடைத்து இழுத்தேன். திறப்பு நீங்கள் போன அன்றே தொலைந்துவிட்டது. "ஒரு லாச்சியத் திறக்க ஏலாத ஆம்பிள" என்று இரண்டு வருடமாக உங்கள் மகளிடம் கேட்ட பேச்சுக்கு இன்று முடிவு கட்டினேன். உடைத்ததும் மெசின் எண்ணெயும் புதுத்துணியும் கலந்த உங்கள் வாசம் எழும்பி வந்தது. உள்ளே உங்கள் அளவு நாடா. அதற்குக் கீழே, வெள்ளைச் சாட்டினில் தைத்த ஒரு குட்டி மெத்தை. செங்கல்லைவிடத் தடிப்பு, கட்டுவதற்கு இரண்டு வார். பேரப்பிள்ளைக்குத் தைத்த தலையணை என்றாள் உங்கள் மகள். நான் அதன்மேல் உட்கார்ந்து பார்த்தேன். மரக்கட்டை தோற்றது.

நாடாவை விரித்தேன். நாலடி எட்டு அங்குலத்தில் அந்தச் சிவப்பு நூல் முடிச்சு அப்படியே இருந்தது.

அந்த முடிச்சைத் தெரியாதவர் எங்கள் தன்னாமுனையில் இல்லை. மாமாவின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரும் ஆறு உயரம். கோயில் படியில் பெட்டி சரிந்து, உள்ளே மாமாவின் தலை பலகையில் 'டொக்' என்று இடித்தது. பங்குச் சுவாமிகூட ஒரு கணம் செபத்தை நிறுத்திவிட்டார். அன்றைக்கே சொல்லிவிட்டீர்கள்: "நான் சரியாம மட்டமாத்தான் போகணும்."

அதன்பிறகு உங்கள் அடக்கச் சடங்கை நீங்களே வெட்டித் தைக்கத் தொடங்கினீர்கள். எந்தப் பாட்டு, எந்த வாசகம், மணி எத்தனை அடிக்க வேண்டும், எல்லாம் ஒரு கொப்பியில். பெட்டிக்குள் உடுத்த வெள்ளைச் சாட்டின் சட்டையும் தைத்து மடித்தாயிற்று. மிச்சம் தோள்கள்தான். வாசல் படலையடியில் ஆம்பிளைகளை நிறுத்தி நிலத்திலிருந்து தோள்வரை அளந்தீர்கள்; முடிச்சுக்குச் சரியாக வந்தவன் பெயர் கொப்பியில் ஏறியது. "தல எப்பிடியும் இரிக்கட்டும், எனக்குத் தோள்தான் வேணும்."

பக்கத்து வளவு றெஜினாக்கா வேலிக்கு மேலால் கூவினா: "கிழவிக்கு மறுகாக் கலியாணமாம், மாப்பிளைக்கு அளவெடுக்கிறா!"

"உன்ட புருசனுக்குத் தோளே இல்ல, நீ பேசாம இரு" என்றீர்கள், வாயில் குண்டூசியோடு.

நானும் போய் நிமிர்ந்து நின்றேன். குதியை உயர்த்திப் பார்த்தேன், காலில் தட்டினீர்கள். நாலடி இரண்டு. ஏழு வருடம் உங்கள் வீட்டில் உங்கள் கையால் சோறு தின்றும் ஓர் அங்குலம் வளராத மருமகன். "நீங்க வாங்கு தூக்குங்க மகன்" என்றீர்கள். வழியில் பெட்டியை இறக்கி வைக்கிற மர வாங்கு. ஊர் சிரித்தது, நானும்தான். ஆனால் சுட்டது மாமி.

பட்டியலில் முதல் பெயர் அன்ரன், செங்கலடி பஸ் கொண்டக்டர். மயிரிழை பிசகாமல் நாலடி எட்டு. ஒருநாள் காலையில் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு கத்தினான்: "மாமி, எப்ப வெளிக்கிடுறீங்க? தோள் காத்துக்கொண்டிரிக்கி!"

"அவசரப்படாதடா, உன்ட கலியாணச் சோறு இன்னம் தின்னல்ல!"

பின்னேரம் அந்த பஸ் கண்ணிவெடியில் அகப்பட்டது.

மறுநாள் அன்ரனைத் தூக்கியவர்கள் நீங்கள் அளந்தெடுத்த மற்ற ஐந்து பேர். ஆறாவதாக அவனுடைய தம்பி, அதே உயரம். படியிலும் பெட்டி அசையவில்லை. ஒரே குடையின் கீழ் என் பக்கத்தில் நின்று, "மட்டமாப் போகுது" என்றீர்கள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். நகம் பதிந்தது.

"மகன், என்ட தோளுகளில அந்தப் புள்ள போறான்."

எதற்கும் ஒரு பகிடி கையில் வைத்திருக்கிறவன் நான். அன்று குடையை உங்கள் பக்கம் சரித்துப் பிடித்தேன்.

பட்டியலை அழித்து அழித்து எழுதினீர்கள். வாவிக்கு வலை போடப் போன சேவியரின் தோணி மட்டும் கரைக்கு வந்தது. ஆமியின் சுற்றிவளைப்பில் பள்ளிக்கூட வளவுக்குக் கூட்டிப்போன ஒருவனை இன்றுவரை காணவில்லை. ஒருவன் கட்டாருக்குப் போனான். அவனுக்காக மட்டும் நன்றி சொல்லி மெழுகுதிரி கொளுத்தினீர்கள். அப்போதுதான் நான் வந்து நின்றேன்.

"மாமி, காலில ரெண்டு செங்கல்லக் கட்டிக்கொண்டு நடக்கிறன். என்ட பேர எழுதுங்க."

நீங்கள் சிரிக்கவில்லை. "எழுதின பேரெல்லாம் போகுது. என்ட புள்ளையிட தாலிய நானே அறுக்கவா?" என்று கத்தினீர்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டீர்கள். அதன்பிறகு ஒரு தோளையும் அளக்கவில்லை.

நீங்கள் காய்ச்சலில் போனபோது ஊரடங்கு. அடக்கத்துக்கு இரண்டு மணித்தியாலம் விட்டார்கள். தூக்குவதற்கு மூன்று கிழவர்கள், றெஜினாக்கா, அவவின் தங்கச்சி, நான். வாங்கு தூக்க ஆளில்லை. தலைமாட்டில் இடது மூலை எனக்கு. அதே கோயில் படியில் என் மூலை தாழ்ந்தது. என் காதுக்குப் பக்கத்தில், 'டொக்'.

என் இடுப்புச் சாரம் அவிழ்ந்த கதையைக்கூட ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்புக் காட்டியவன் நான். இதை இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

இப்போது மெத்தையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சாட்டின், நீங்கள் பெட்டிக்குள் உடுத்துப் போன சட்டையின் மிச்சம். உள்ளே துணி வெட்டுத் துண்டுகளைத் திணித்துத் திணித்து இறுக்கியிருக்கிறீர்கள். அடிப்பக்கம் ஒரு வளைவு. வலது தோளில் வைத்தேன். கழுத்தெலும்பு போய் அதில் பொருந்தியது. தலையணை என்று சொன்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எப்போது தைத்தீர்கள் மாமி? என்னைக் கத்தி அனுப்பிய அன்றைக்கேயா? தந்தால் என் பெயரை எழுதினது போலாகிவிடும் என்று பயந்து பூட்டி வைத்தீர்களா? நானோ, நீங்கள் என்னை ஒரு ஆளாகவே எண்ணவில்லை என்று கறுவிக்கொண்டு உங்களைத் தூக்கினேன்.

உங்கள் மகள் வாரைக் கட்டிவிட்டாள். குந்தியிருந்து நிலத்திலிருந்து நாடாவைப் பிடித்தாள். மெத்தையின் மேல்விளிம்பில் சிவப்பு முடிச்சு வந்து நின்றது. அந்த 'டொக்' இன்னும் என் வலது காதுக்குள் இருக்கிறது. இப்போது அதற்குப் பக்கத்திலேயே உங்கள் சாட்டின் உரசுகிறது.

"அவிழ்க்கட்டா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் பொறு" என்றேன்.