சேட்டுக்குள் தைத்த வயிறு

யூலை 12, சனி

மருமகள் மதுரா ஆடை வடிவமைப்புப் படிக்கிறாள். முதல் வேலை ஒரு நாடகத்துக்கு. அதில் என்னைப்போல நிருபர் ஒருவர் வருகிறார். "சேட்டும் காற்சட்டையும்தானே, உதுக்கென்ன வடிவமைப்பு?" என்று கேட்ட நெறியாளர், அழைப்பிதழில் அவள் பெயரைப் போட மறுத்துவிட்டார்.

போன கிழமை என் அலுமாரியைத் திறந்தவள், மினுக்கி வைத்த சேட்டுகளை விட்டுவிட்டு, நான் வேலைக்குப் போடும் பழையதொன்றை மாதிரிக்கு எடுத்துப்போனாள்.

இன்று ஒத்திகைக்கு மனைவியோடு போனேன். நிருபராக நடிப்பவன் ஒல்லிப் பொடியன். அவள் தைத்த சேட்டில் பேனைகளின் பாரத்தால் சட்டைப்பை தொங்கியது. கமராப் பை உரசும் தோள் மட்டும் வெளிறியிருந்தது. உள்ளே பஞ்சு வைத்து வயிறும் தைத்திருந்தாள். அவன் வாய் திறக்கமுன்னமே எல்லோரும் சிரித்தோம்.

"ஆர் எண்டு பார்க்கவே தெரியுது. அறிமுக வசனத்தை வெட்டுவம், பிள்ளை. உம்மடை பெயரைப் போடுறன்" என்றார் நெறியாளர்.

"எனக்கு உவ்வளவு வயிறோ?" என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"பாவம் பார்த்துக் குறைச்சுத்தான் வைச்சிருக்கிறாள்."

அழைப்பிதழில் மதுராவின் பெயர் வருவதில் எனக்கு மெத்தச் சந்தோஷம். வயிறு யாருடையது என்று போடவேண்டாம் என நாளைக்கே சொல்லவேண்டும்.