அப்பாவின் பிக்கப்பைப் பார்க்க வந்தார்கள்

ஓட்டர் ஏரிச் சாலை,
சனிக்கிழமை, 14 அக்டோபர் 1995

அன்புள்ள கைசா,

அப்பாவுக்குத் தன் நோய் எப்போது தெரியும்? போன கடிதத்தில் உன் கையெழுத்துக்கும் கீழே இந்த ஒரு வரியைத் தனியாக எழுதியிருந்தாய். எனக்குத் தெரியாது, கைசா. தெரியாததைத் தெரிந்ததுபோல எழுத எனக்கு வராது என்பது உனக்கே தெரியும். நான் உடம்புக்கு நன்றாகவே இருக்கிறேன், இரவில் தூக்கமும் பரவாயில்லை. அங்கே அலாஸ்காவில் ஆறு உறையத் தொடங்கியிருக்கும், உனக்கும் உன் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சளி இருமல் எதுவும் வந்திருக்காது என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன்.

இங்கே வியாழக்கிழமை இந்த வருஷத்து முதல் பனி விழுந்து மத்தியானத்துக்குள் கரைந்துவிட்டது. சர்ச்சில் இறைச்சியும் கிழங்கும் அடைத்த பாஸ்டி விற்பனை நடந்தது, என்னை உருளைக்கிழங்கு நறுக்க உட்கார வைத்தார்கள், யாரும் அப்பாவைப் பற்றிப் பேசவில்லை, அதற்காகவே எல்லோரும் வானிலையைப் பற்றி அளவுக்கு மீறிப் பேசினார்கள். தண்ணீர் ஆய்வகத்தில் வேலை அதிகம், பனி கரைய நெடுஞ்சாலையில் கொட்டுகிற உப்பு ஓரத்துக் கிணறுகளில் இந்த வருஷமும் ஏறியிருக்கிறது. முன்பெல்லாம் இதைச் சொன்னால் உன் அப்பா, நான் கொட்டுறேன் நீ அளக்குற, ரெண்டு பேருக்கும் கவுண்டி அரசாங்கம்தான் சம்பளம் குடுக்குது, எதுக்குப் புலம்புற என்பார். இப்போது அவருடைய உப்பு லாரியை வேறு யாரோ ஓட்டுகிறார்கள், பெயர் கேட்டேன், மறந்துவிட்டேன்.

பிக்கப்பை விற்றுவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். அப்பா ஜூலையில் இறந்ததிலிருந்து அது முற்றத்தில் நின்றபடியே இருக்கிறது. வாரம் ஒருமுறை சாவியைத் திருப்பிச் சிறிது நேரம் ஓடவிட்டு அணைப்பேன், அவ்வளவுதான், எடுத்து ஓட்டியதில்லை. வெர்னா பெல்டோலா விறகு ஏற்ற ஒரு வண்டி தேடுகிறாள் என்று கேள்விப்பட்டுச் சொல்லியனுப்பினேன். உன்னைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிப்போய் இறக்கிவிட்ட அதே வெர்னாதான், வாய் இன்னும் குறையவில்லை. இன்று காலை அவளும் அவள் புருஷன் எல்மரும் வந்தார்கள். குளிரில் வருகிறார்களே, ஏறி உட்காரும்போது உள்ளே கதகதப்பாக இருக்கட்டும் என்று அரைமணி முன்பே வண்டியைக் கிளப்பி வைத்திருந்தேன். யாரையாவது ஏற்றிக்கொண்டு போவதற்கு முன் நாம் எல்லோரும் செய்வதுதானே. வெர்னா இறங்கி வந்து எனக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். ஏன் மார்த்தா, அடுப்பாட்டம் சுடுதே, எதை மறைக்கிற என்றாள். நான் காரணத்தைச் சொன்னேன். வண்டியவே வெத்தல பாக்கு வச்சு உபசரிக்கிற ஒரே ஆளு நீதாம்மா, சூடா இருந்தா எந்த ஓட்டை வண்டியும் கிளம்பிடும், குளிர்ல விறைச்சுக் கெடந்தாத்தான் அது உண்மையைப் பேசும், ஆறட்டும், நீ போய்க் காப்பி போடு என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள். ஏலக்காய் போட்ட நிசு ரொட்டி ஒன்றை இருவருமாக முக்கால்வாசி தின்று முடித்தார்கள். அதற்குள் எஞ்சின் ஆறியது.

நீ வசந்தத்தில் ஃபேர்பேங்க்ஸுக்கு மாறினால் ஒரு பழைய பிக்கப் வாங்கவேண்டும் என்று எழுதியிருந்தாயே, அதனால் அவர்கள் பார்த்ததையெல்லாம் நானும் கூடவே நின்று பார்த்தேன், உனக்கு உதவும். ஆறிய எஞ்சினைக் கிளப்பும்போது வெர்னா பின்னால் போய்ப் புகைக்குழாய்ப் பக்கம் நின்றாள். நீலமாகப் புகை வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தமாம், அப்பாவின் வண்டியில் வரவில்லை. ஆயில் ஊற்றும் இடத்து மூடியைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தாள், அங்கே பால் ஏடு மாதிரி படிந்திருந்தால் தண்ணீர் எங்கேயோ உள்ளே போகிறது. ஃபிரிஜ் கதவில் ஒட்டுகிற காந்தம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக் கதவின் கீழ்ப்பக்கம், சக்கரத்தின் மேல் வளைவு என்று ஒவ்வொரு இடமாக வைத்து வைத்துப் பார்த்தாள். ஒட்டாமல் விழுந்தால் அங்கே தகரம் இல்லை, பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். எங்கேயும் விழவில்லை. உன் புருஷன் ஆர்வோ வண்டிய வச்சிருந்த மாதிரி இந்த மனுஷன் என்னை வச்சிருந்தா நான் இன்னும் குமரியாட்டம் இருப்பேன் என்று எல்மரைக் காட்டிச் சொன்னாள். பிறகு, படு கீழ, சேசிஸைத் தட்டிப் பாரு என்றாள். எனக்கு அறுபத்திரண்டு வயசாகுது வெர்னா என்றார் அவர். அதான் சொல்றேன், படுக்கிற வேலைன்னா உனக்குப் பிடிக்குமே என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது, பல நாளுக்குப் பிறகு.

எல்மர் ஓர் அட்டையை விரித்துப் படுத்துச் சுத்தியலால் முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு மணி மாதிரி கேட்கிறது. பின் சக்கரத்துப் பக்கம் வந்ததும் சத்தம் மாறிவிட்டது, ஈர மரத்தைத் தட்டுவதுபோல இருந்தது. துரு ஏடு ஏடாக அவர் முகத்தில் விழுந்தது. அவர் வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்க்காமல் வெர்னாவிடம், ஆர்வோ ஒவ்வொரு அக்டோபரும் துரு புடிக்காம எண்ணெய் அடிப்பானே, இங்க ரெண்டு குளிர்காலமா யாரும் படுக்கல என்றார். அவர்கள் போன பிறகு நானும் படுத்துப் பார்த்தேன். முன்பக்கத்தில் பழைய ஆயிலும் மண்சாலைத் தூசியும் சேர்ந்த அந்தக் கறுப்புப் பொருக்கு இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, உனக்கு ஞாபகம் இருக்கும், ஆயில் அடித்த கையோடு குவாரிச் சாலையில் புழுதி கிளப்பிக்கொண்டு ஓட்டிவிட்டு வருவாரே, அதுதான். பின்பக்கத்தில் அது உதிர்ந்து, அதற்கு மேல் புதிதாக எதுவும் பூசப்படவில்லை. உப்பு இரும்பை என்ன செய்யும் என்று படித்தவள் நான், எல்மர் சொன்ன கணக்கு சரி. கொட்டகையில் பிடித்து வைத்த பழைய ஆயில் நான்கு கேன் மூடி திறக்காமல் இருக்கிறது. அதை மிச்சம் என்று நினைத்திருந்தேன்.

அடுத்து கிளட்ச் பார்த்தார்கள். இது நீயே தனியாகச் செய்து பார்க்கக்கூடியது, அதனால் கவனமாகப் படி. கைப்பிரேக்கை இழுத்துப் போட்டு, நான்காவது கியரில் வைத்து, கிளட்ச்சை மெதுவாக விட்டால் எஞ்சின் திணறி நின்றுவிட வேண்டும். வெர்னா ஏறி உட்கார்ந்து, இப்ப இது செத்துப்போகணும் என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் காலை எடுத்தாள். எஞ்சின் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சாகல என்றார் எல்மர். சொன்ன பிறகுதான் இருவரும் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். கிளட்ச் தட்டு தேய்ந்து ஒன்றுமில்லாமல் போய்விட்டதாம், மிதியிலிருந்து காலை முழுசாக எடுக்காமலே ஓட்டினால் அப்படித்தான் ஆகுமாம். ஆர்வோவா இப்படி ஓட்டினான், இந்தாளுக்குக் கியர் போடக் கத்துக் குடுத்ததே அவன்தானே என்று வெர்னா நம்பாமல் கேட்டாள். கேட்டுக்கொண்டே குனிந்தவள், இது என்ன, நாயைக் கட்டுற வாரா என்று டாஷ்போர்டின் அடியிலிருந்து ஒரு சிவப்பு வாரை இழுத்தாள். ஒரு முனை மேலே கட்டியிருந்தது, மறு முனையில் ஒரு வளையம். எல்மர் அவளை இறங்கச் சொல்லிவிட்டுத் தான் ஏறி, இடது பூட்ஸை வளையத்துக்குள் நுழைத்து, கையால் வாரை இழுத்தார். கால் மிதியிலிருந்து மேலே எழும்பியது. அவர் பூட்ஸை வெளியே எடுத்துவிட்டு இறங்கினார். கவுண்டி லாரியில் கிளட்ச் கிடையாது, அதனால் அவருக்கு இடது கால் தானாக எழாதது அங்கேயும் யாருக்கும் தெரிந்திருக்காது.

வெர்னா போகும்போது, இதுல விறகு ஏத்த முடியாது மார்த்தா, வண்டியோட முதுகு உடைஞ்சிரும், மன்னிச்சுக்க என்று சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். டாக்டர் ஏப்ரலில்தான் சொன்னார், புற்று முதுகெலும்புக்கு வந்து நாளாகிவிட்டது என்று. நீ அலாஸ்காவுக்குப் போனது 1993 ஆகஸ்டில். விமான நிலையத்தில் உன் பெட்டியை அவர் தூக்கவில்லை, அலாஸ்காவுக்குப் போறவ தன் பெட்டியைத் தானே தூக்கணும் என்று சிரித்தார் என்று எழுதியிருந்தாய். அந்த அக்டோபரில் அவர் வண்டிக்கு அடியில் படுக்கவில்லை என்பது எனக்கு இப்போது தெரியும். படுக்க முடியாமல் இருந்திருக்கலாம். நீ இல்லாத வீட்டில் எதற்கும் மனம் வராமல் இருந்திருக்கலாம். ஆகஸ்டிலேயே தெரியுமா என்பதற்கு இந்த வண்டியில் சாட்சி இல்லை, இருப்பதைவிட அதிகமாக நான் சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். அவர் தெரிந்துதான் உன்னை அனுப்பினார் என்றால், யோசித்து, நம் இருவரிடமும் கேட்காமல், தானே எடுத்த முடிவு அது. நீ போகாமல் இருந்திருந்தால் என்று தொடங்குகிற வாக்கியத்தை இனி எனக்கு எழுதாதே. எழுதினால் அவர் முடிவை அவரிடமிருந்து பிடுங்குகிறாய். எனக்கும் அவர்மேல் கோபம் இருக்கிறது, ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்தக் கோபத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ சுமக்க வேண்டாம்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன், கிடைத்ததா என்று எழுது. மீன் மட்டுமே தின்றுகொண்டிருக்காதே. நான் கும்பிட்டுக் கேட்கிறவள் இல்லை, கேட்கிற இடத்தில் யாராவது இருந்தால் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும், நீ நினைத்த வேலை நினைத்தபடி நடக்கட்டும். வண்டி பார்க்கப் போகும்போது யாரையாவது கூட்டிக்கொண்டு போ, முதலில் பானெட்டைத் தொட்டுப் பார், சூடாக இருந்தால் ஆறும்வரை காத்திரு.

உன் அம்மா,
மார்த்தா

ஞாயிறு, மத்தியானம். உறையை இன்னும் ஒட்டவில்லை, அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். சர்ச் முடிந்ததும் வெர்னாவும் எல்மரும் அதே உடுப்போடு வந்தார்கள். பெரிய சுமை ஏற்றாமல் வயலுக்குள்ளேயே உருளைக்கிழங்கு மூட்டைக்கு வைத்துக்கொள்கிறோம், கிளட்ச் மட்டும் மாற்றிக்கொள்கிறோம் என்றார்கள். சரி என்றேன். வாரை நான் அவிழ்த்துக்கொண்டேன். வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது, உன் பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துக் கட்டுகிற வார் அது, உன் பெயரின் முதல் எழுத்து மையில் இருக்கிறது. இதோடு வைத்திருக்கிறேன், உன்னுடையதுதான்.

எல்மர் பிக்கப்பை எடுத்துக்கொண்டு போனார், வெர்னா அவர்கள் காரில் பின்னால் போனாள். நம் வீட்டைத் தாண்டி மேடு ஏறும்போது எஞ்சின் பெரிதாக இரைந்தது, கிளட்ச் பிடிக்காமல் வண்டி அதற்குத் தக்கபடி நகரவில்லை, அப்படியே ஊர்ந்து ஏறியது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். போன குளிர்காலம் முழுவதும் காலையில் சமையலறையில் நின்று கேட்டிருக்கிறேன். வேலைக்கு நேரமாகிவிட்டது, அவசரமாகப் போகிறார் என்று நினைத்துக்கொள்வேன். மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிச் சத்தம் நிற்கும்வரை வாசலில் நின்றிருந்தேன்.