கனிமொழியின் பெயருக்குப் பக்கத்தில்

ஐப்பசி 4, திங்கள்

விடியலிலிருந்து தூறல். லேபுக்கு பஸ்ஸில்தான். ஸ்கூட்டியைத் தொடத் தைரியமில்லை. போன மாசம் கனி லாரியில் அடிபட்டு இறந்ததும் இதே ரோட்டில்தான்.

லேபில் அவள் நாற்காலியில் யாரோ ஈரக் குடையைக் காயவைத்திருந்தார்கள். எடுத்து வெளியே வைத்தேன்.

மதியம், நானும் கனியும் சேர்ந்து எழுதிய கட்டுரைக்குப் பத்திரிகையின் மதிப்பீட்டாளர் பதில். காந்தப்புலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஸ்பின்கள், அந்த அணுக் காந்தங்கள், எல்லாம் ஒரே பக்கம் திரும்பும், அவற்றுக்குள் இருந்த குவாண்டம் பின்னல் அறுந்துபோகும். அப்புறம் லேசாகச் சூடேற்றினால் பின்னல் கொஞ்சம் திரும்பும். இரண்டே ஸ்பின் என்றால் இது பழைய சேதி. எங்கள் நீளமான ஸ்பின் சங்கிலியிலும் அப்படித்தான் என்று பார்த்தது கனி. "கணக்கீட்டுப் பிழையாக இருக்கலாம்" என்கிறார் மதிப்பீட்டாளர்.

கைடு சார்: "நிரூபிக்க முடியலன்னா அந்தப் பகுதியை எடுத்துரும்மா."

எடுத்துவிட்டால் கனி இதில் எங்கே?

வாங்க: கொசுவத்தி, தோசைமாவு.

ஐப்பசி 9, சனி

வாரம் முழுக்க இதே வேலை. கனியின் ப்ரோகிராமைத் தொடாமல், வேறு முறையில், முதலிலிருந்து நானே எழுதினேன். நடுவில் கரண்ட் போய் வந்தது. பல்வலி.

இன்று மாலை முடிந்தது. வரைபடத்தில் பின்னலின் கோடு பூஜ்யத்துக்கு இறங்கி, சூடேற்றியதும் சின்னதாக ஒரு மேடு. அவள் சொன்ன அதே இடத்தில்.

சந்தோஷப்படத் தெரியவில்லை. டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

ஐப்பசி 10, ஞாயிறு

அரியக்குடி, கனி வீடு. கனிக்குப் பதில் வீட்டார் சம்மதக் கையெழுத்து வேண்டுமாம் பத்திரிகைக்கு.

"வா தாயி. நனைஞ்சிட்டியே." கனி அம்மா பாதியாய் இளைத்திருந்தார். அப்பா தச்சுப் பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்தார், வெளியே வரவில்லை. கட்டுரையையும் சம்மதத் தாளையும் அம்மாவிடம் நீட்டினேன்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"சின்னச் சின்னக் காந்தம் மாதிரிம்மா. வெளியேருந்து பெரிய காந்தம் வச்சா, அதுகளுக்குள்ள இருந்த தொடர்பு அத்துப்போகுது. லேசாச் சூடு பண்ணா கொஞ்சம் திரும்ப வருது. அதைப் பாத்தது கனிதான்."

"நெசமாவா?"

"நான் தனியாவும் போட்டுப் பாத்துட்டேம்மா. சரியா இருக்கு."

அம்மா கட்டுரையைத் திருப்பிப் பார்த்தார். "ராவெல்லாம் லைட்டப் போட்டுக்கிட்டே உக்காந்திருப்பா. கண்ணு கெட்டுப்போகும்னு வைவேன்."

கையெழுத்துப் போட்டார். "சாப்பிட்டீகளா?" என்று கேட்டேன். தலை துவட்ட எனக்குத் துண்டு எடுத்துத் தந்தார்.

கார்த்திகை 25, செவ்வாய்

வெயில். கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள், அந்தப் பகுதியோடு. அச்சுப் படி வந்தது. முதல் பெயர் கனிமொழி. போட்டோ எடுத்து அவள் அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே போன்.

"அவ பேருக்குப் பக்கத்துல மட்டும் கத்தியாட்டம் ஒரு குறி இருக்கே. உம் பேருக்கு இல்லையே தாயி?"

"காலமானவுகளுக்குப் போடுறதும்மா."

அந்தப் பக்கம் பட்டறையில் மரம் இழைக்கும் இழைப்புளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நின்றது.

"அது இல்லாமப் போட மாட்டாகளா?"

"கேட்டுப் பாக்குறேம்மா."

மெயில் எழுத உட்கார்ந்தேன். 'தயவுசெய்து அந்தக் குறியை நீக்கவும்' வரை வந்துவிட்டது. காரணம் கேட்பார்கள். என்ன எழுத?