பக்கிரிசாமி மகள் கல்யாண வீடியோ

ஆவணி 4, புதன்

காலையிலிருந்து புழுக்கம். வானம் கறுத்தது, போக்குக் காட்டிவிட்டு வெளுத்தது. ஸ்டுடியோ ஃபேன் கிறீச் கிறீச்.

செய்ய வேண்டியவை:
ஃபேனுக்கு எண்ணெய்.
கோட்டுச்சேரி காதுகுத்து ஆல்பம்.
காரைக்கால்மேடு பக்கிரிசாமி மகள் க. வீடியோ. இனியும் தள்ளக் கூடாது.

மீன்பிடித் தடைக்காலத்துக் கல்யாணம் அது. படகெல்லாம் கரையில் நிற்கும் அந்த இரண்டு மாதத்தில்தான் மீனவர் வீடுகளில் வரிசையாகக் கல்யாணம். எனக்கு மூச்சுவிட நேரமிருக்காது. எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டு, ஆடியில் உட்கார்ந்து எடிட் செய்யலாம் என்றிருந்தேன். ஆடியிலேயே பக்கிரிசாமி போய்விட்டார். வலை இழுத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம்.

இன்று மகள் வினோதா ஃபோன்.

"அண்ணே, செவ்வாக்கெழம முப்பதாம் நாள் படையலு. அன்னைக்கி எல்லாரும் ஒக்காந்து பாக்கணும். அப்பா பேசுனத அம்மா கேக்கணும்ங்குது."

தாலி கட்டி முடிந்ததும் பெண்ணின் அப்பாவை ஓரமாக நிறுத்தி, நாலு வார்த்தை பேசவைத்து எடுப்பது என் வழக்கம். அதைத்தான் கேட்கிறாள். திங்களே தந்துவிடுகிறேன் என்றேன்.

கல்யாணத்தின்போது அவள் எழுதிக் கொடுத்த பாட்டு லிஸ்டில் ஒன்று மட்டும் கைவசம் இல்லை. எப்போதும் போல ஓசிப் பாட்டு சைட். பக்கம் முழுக்கப் பச்சை டவுன்லோட் பொத்தான்கள், எது நிஜம் என்று ஆண்டவனுக்கே வெளிச்சம். நாலாவதை அமுக்கியதும் ஏதோ இறங்கியது. திறந்தேன். பாட்டும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று டீ குடிக்கப் போய்விட்டேன்.

5, வியாழன்

எழுத்து கோணல்.

காலை கம்ப்யூட்டரைத் திறந்தால் எல்லா ஃபைலுக்கும் பெயருக்குப் பின்னால் அர்த்தமில்லாத ஒரு வால். எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு இங்கிலீஷ் கடிதம். பூட்டிவிட்டோம், பணம் அனுப்பினால் திறப்போம்.

கம்ப்யூட்டர் சர்வீஸ் கார்த்தி உடனே வந்தான், நல்ல பையன். பார்த்ததும் முதல் கேள்வி,

"பாட்டு எறக்குனீங்களாண்ணே?"

"ஒண்ணே ஒண்ணு."

"அது பாட்டே இல்ல. பாட்டு பேர்ல வந்த வைரஸு. நீங்களே கதவத் தொறந்து உள்ள கூப்புட்டிருக்கீங்க. ஆன்டிவைரஸ் எங்க?"

எடிட்டிங் மெதுவாகிறது என்று நானே அணைத்து வைத்திருந்தேன்.

"பேக்கப்பு?"

இருக்கிறது. தனி ஹார்ட் டிஸ்க். ஆனால் கம்ப்யூட்டரிலேயே செருகிக் கிடந்தது. அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டான் படுபாவி. கேமரா கார்டு? தடைக்காலத்தில் ஒரே கார்டில் நாலு கல்யாணம் ஓடும். ஒன்றைக் கம்ப்யூட்டரில் இறக்கி, கார்டை அழித்து, அடுத்தது.

பணத்தைக் கட்டிப் பார்க்கலாமா என்றேன். "கட்டுனாலும் தொறப்பான்னு யாருண்ணே ஜவாப்தாரி?"

வீட்டில் மல்லிகா: "ஓசில கெடச்சா பினாயிலக் கூட குடிப்பீங்களே." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். யார் கல்யாணம் என்று சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

6, வெள்ளி

சாயங்காலம் நல்ல மழை. ஸ்டுடியோ வாசலில் கணுக்கால் தண்ணீர்.

கார்த்தி பழைய கார்டுகளில் ஏதோ சாஃப்ட்வேர் போட்டுத் துழாவினான். கிடைத்தவை: யாரோ ஒரு பெண்ணின் பட்டுப்புடவை முந்தானை. பந்தியில் பாயசம் ஊற்றுகிற கை. யார் வீட்டுப் பந்தி, தெரியாது.

வினோதா இரண்டு தடவை ஃபோன். எடுக்கவில்லை. மூன்றாவது எடுத்து, "கரண்ட் பிரச்சினைம்மா" என்றேன். "சரிண்ணே, பொறுமையா பண்ணுங்க" என்கிறாள். திட்டியிருந்தால் தேவலாம்.

போன வருஷம் நெட்டில் ஏற்றிய ஒரு கல்யாண வீடியோ, பாட்டின் உரிமை வேறு யாருடையதோ என்று ஊமையாக்கப்பட்டது. அப்போதும் புத்தி வரவில்லை. ஊரே செய்கிறது, நான் மட்டும் யோக்கியனா என்று ஒரு சமாதானம். இப்போது பதில் சொல்ல ஊர் வராது. நான்தான் போக வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது.

எண்ணெய் வாங்க மறந்தேன்.

7, சனி

வினோதா வீட்டுக்குப் போகவில்லை. திருநள்ளாறில் ஒரு நிச்சயதார்த்தம் எடுத்தேன். சனிக்கிழமைக் கூட்டத்தில் வண்டி நகரவில்லை. பெண்ணின் அப்பா பேச ஆரம்பித்ததும் கேமராவைத் துணைக்கு வந்திருந்த மல்லிகாவின் தம்பியிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்றேன்.

8, ஞாயிறு

காரைக்கால்மேடு. பத்து மணி வெயில்.

எல்லாம் சொல்லிவிட்டேன். ஓசிப் பாட்டு என்பதையும். வினோதா கத்தவில்லை. தன் ஃபோனை எடுத்து நீட்டினாள். கல்யாணம் முடிந்த வாரம் நான் அனுப்பிய ஒரு நிமிஷ வீடியோ. எனக்கு மறந்தே போயிருந்தது. அதில் பக்கிரிசாமி இருக்கிறார்! வாய் அசைகிறது, துண்டால் கண்ணைத் துடைக்கிறார், மறுபடி பேசுகிறார். மேலே பாட்டு ஓடுகிறது.

"பாட்ட மட்டும் எடுத்துட்டா அப்பா பேசுறது கேக்கும்லண்ணே?"

கேட்காதும்மா என்றேன். மேளச் சத்தம் இரைச்சலாக இருந்தது என்று அடியில் இருந்த சத்தம் முழுவதையும் அழித்துவிட்டுத்தான் பாட்டைப் போட்டேன். அடியில் ஒன்றுமில்லை.

அவள் அம்மா உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் உட்கார்ந்தார். வினோதாதான் கேட்டாள்.

"மேளத்துல எங்களுக்கு ஒண்ணும் கேக்கல. நீங்க காதுல ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டுத்தானே எடுத்தீங்க? ஒங்களுக்குக் கேட்டுருக்கும்ல. அப்பா என்ன சொல்லுச்சு?"

யோசித்தேன். முகத்தில் வெளிச்சம் போதாதது ஞாபகம் இருக்கிறது. பேட்டரி சிவப்புக் காட்டியது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட ஞாபகத்தில் இல்லை.

"எம் பொண்ணு நல்லா இருக்கணும், பதினாறும் பெத்து பெருவாழ்வு வாழணும்னாரும்மா."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். வினோதா அழவில்லை. ஃபோனை அணைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"எங்க அப்பா அப்புடில்லாம் பேசாதுண்ணே."