அறைக்கு வெளியே உட்காரச் சொன்னார்கள்

என் அன்பு மூத்தவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். வீட்டில் மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் அங்கே அப்படியே இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போனில் பேசினால் போதாதா என்றாள் அம்மா, போனில் நான் மழையையும் வெயிலையும் தாண்டிப் பேசமாட்டேன் என்பது உனக்கே தெரியும். அவளுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள், படியைக் கட்டியவனே நான்தான் என்பதுபோல. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கப் புது மிஷின் வந்துவிட்டது, அது தேய்க்கிறது, நான் பக்கத்தில் நின்று குறை கண்டுபிடிக்கிறேன். நீ வேலை செய்யும் மிருக ஆஸ்பத்திரியில் அந்தக் கால் ஒடிந்த பூனை பிழைத்ததா என்று உன் தங்கை தினமும் கேட்கிறாள்.

அவளைப் பற்றித்தான் எழுதவந்தேன். நம் வாலு சனிக்கிழமைதோறும் நடக்கும் இசைப் பள்ளியில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. காலேஜ் வயது வருவதற்கு முன்பே கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து நாள் முழுக்கப் பழக்கும் அதே பள்ளி, நீ எட்டு வருஷம் வயலினோடு ஏறி இறங்கிய அதே மூன்று மாடி. கைப்பிடிக்குப் புது பெயின்ட் அடித்திருக்கிறார்கள், மற்றபடி ஒரு அறையில் பியானோ, அடுத்த அறையில் புல்லாங்குழல், நடைவழியில் எல்லாம் ஒன்றாகக் கலந்து சந்தை இரைச்சல். வாலு செல்லோ வாசிக்கிறாள், உன் வயலினுக்குப் பெரியப்பா மாதிரி அவள் உயரத்துக்கு நிற்கும், அதை முதுகில் மாட்டிக்கொண்டால் பின்னாலிருந்து பார்ப்பவர்களுக்குப் பெட்டிக்குக் கால் முளைத்து நடப்பதுபோல் இருக்கும். முதல் சனிக்கிழமை நானும் நோட்டும் பென்சிலுமாக அவள் பின்னாலேயே அறைக்குள் போய் மூலை நாற்காலியில் உட்கார்ந்தேன், உன் வகுப்பில் உட்கார்ந்தேனே, அதேபோல. அவளுடைய டீச்சர் தலைமுடியை ஒட்ட வெட்டிய, அறுபது வயதிருக்கும் அம்மாள், என்னைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், சார் நீங்க கொஞ்சம் வெளிய உட்காருங்க என்றார். நான் மூச்சுகூட விடமாட்டேன் மேடம் என்றேன். நீங்க விடமாட்டீங்க, உங்க பென்சில் கீறுற சத்தம் அவளுக்குக் கேக்கும் என்றார்.

வெளியே வந்தபோது எனக்கு மூக்கறுபட்டதுபோல் ஆகிவிட்டது. அங்கே பெஞ்சில் ஒரு பிளம்பர், பையன் பியானோ வாசிக்கிறானாம், என்னையும் போன வருஷமே துரத்திட்டாங்க, வாங்க, உட்காருங்க என்று பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொடுத்தார். வகுப்பு முடிந்து டீச்சர் என்னை மட்டும் கூப்பிட்டு, பஸ்ல போறப்ப பாடத்தைப் பத்தி நீங்களா ஒண்ணும் கேக்காதீங்க, பசிக்குதான்னு மட்டும் கேளுங்க, போதும் என்றார். இதற்கா இவ்வளவு பெரிய பள்ளி என்று அம்மாவிடம் வந்து புலம்பினேன்.

போன வாரம் அரையாண்டுத் தேர்வு. உள்ளே மூன்று பேர் உட்கார்ந்து கேட்பார்கள், அதில் தேறினால்தான் அடுத்த வருஷம் இடம், கதவைச் சாத்திவிட்டார்கள். நான் கதவில் காதை வைத்து நின்றேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். முதல் உருப்படி நன்றாகப் போயிற்று, இரண்டாவதில் வேகமாக வரும் இடத்தில் வில் வழுக்கி ஒரு கீச்சு, அதோடு நின்றுவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. பிளம்பர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம், அது வாலுவுடையது, பிறகு இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். முதலிலிருந்து வாசிக்கட்டுமா என்று கேட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தாள், அந்த வாசிப்பை எனக்கு எழுதத் தெரியவில்லை, பிளம்பர் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார் என்று மட்டும் சொல்கிறேன்.

பஸ்ஸில் ஏறியதும் நாலு தப்பு என் நாக்கு நுனியில் வரிசையாக நின்றது. விழுங்கிவிட்டுப் பசிக்குதாம்மா என்றேன். பன்னைக் கடித்துக்கொண்டே முக்கால் மணி நேரம் பேசினாள். வில் ஏன் வழுக்கியது, எந்த இடத்தில் பயந்தாள், எந்த இடம் வாசிக்கும்போது வயிற்றில் குறுகுறு என்று இருக்கும், நடுவில் உட்கார்ந்தவருக்குக் கண்ணாடி கோணலாக நிற்கிறது, அப்பா நீங்க அதைச் சரிபண்ணிக் குடுங்க என்று எல்லாம். அப்போதுதான் கண்ணு, உன் ஞாபகம் வந்தது. அதே பஸ்ஸில் எட்டு வருஷம் நான் நோட்டைப் பார்த்து உன் தப்புகளை வாசித்தேன், நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாய். உனக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. இசைக் காலேஜ் நுழைவுத் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நீ இனிமே எனக்கு இது வேண்டாம் என்றாய், எட்டு வருஷம் வீணாப் போச்சே என்று நான் கத்தினேன், யாரோட எட்டு வருஷம்ப்பா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாய். அதைத் திமிர் என்று ஏழு வருஷமாகச் சொந்தக்காரர்களிடம் சொல்லித் திரிந்தேன். உன்னுடையதுதானம்மா. உன்னுடைய எட்டு வருஷம், நான்தான் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். என்னை மன்னித்துவிடு. இதுவரைக்கும் படித்துப் பார்த்த அம்மா, இதை எழுத ஏழு வருஷமா என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள், அடுப்பில் ஒன்றுமே இல்லை.

வாலு தேறிவிட்டாள். தப்பு வந்தால் பயப்படாத பிள்ளை என்று எழுதிக்கொடுத்திருக்கிறார்கள், மதிப்பெண்ணைவிட அதைத்தான் எல்லோரிடமும் காட்டுகிறாள்.

இன்னொரு விஷயம். பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு வயலின் இல்லையாம், உங்க வீட்டில் இருக்குமே என்று டீச்சர் கேட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாய்வரை வந்தது, அது என் பொருள் இல்லை, மூத்தவளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். கொடு என்றால் கொடுக்கிறேன், அலமாரியிலேயே இருக்கட்டும் என்றால் இருக்கும். ஒருவேளை உனக்கே வேண்டும் என்று தோன்றினால் பஞ்சு சுற்றிப் பத்திரமாக அனுப்பிவைக்கிறேன், வாசித்தாயா என்று கேட்கமாட்டேன்.

கடிக்கிற நாய் வந்தால் கையுறை இல்லாமல் தொடாதே. ஆயுசோடும் மனநிறைவோடும் இரு, அம்மாவும் அதையே சொல்லச் சொன்னாள்.

உன்மேல் மாறாத அன்போடு,
அப்பா